முனியாண்டிக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டி

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் மூலைக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் கவிதா போன மாதம் என்னைக் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் அங்கிள் என்றாள். அதில் நல்ல பாடம் ஒன்று இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாடம் இல்லாமல் இல்லை. ஆனால் அது என்ன பாடம் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. மனைவியிடம் கேட்டேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நான் பாத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்ததும் ரவாங்கில் தொலைக்காட்சிப் பெட்டி பூட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே பூட்டக் கற்றுக்கொண்டேன். அது மூடப்பட்ட பிறகு புக்கிட் பெருந்துங்கில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரிக்கும் தொழிற்சாலைக்கு வந்தேன். அங்கே கழற்றக் கற்றுக்கொண்டேன். இரண்டு வேலைக்கும் ஒரே திருப்புளிதான், சுற்றுகிற பக்கம்தான் வேறு என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முதல் தொழிற்சாலையில் ஒரு பொருள் எப்போது முடிந்தது என்று தெளிவாகத் தெரியும். மூடியைப் போட்டு அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் முடிந்தது. இரண்டாவது இடத்தில்தான் குழப்பம் ஆரம்பமானது.

பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம், வங்கி என்று பல இடங்களிலிருந்து லோரியில் கம்ப்யூட்டர்கள் வரும். இறக்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் ஒட்டுவோம். முதலில் தகவல் இருக்கும் வட்டைக் கழற்றி இரும்புக் கூண்டுக்குள் போட்டுப் பூட்ட வேண்டும். அது துளை போட்டு நொறுக்கப்படும், அதை யாரும் தொடக்கூடாது. அடுத்து உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி. அதன் பிறகு மின்சாரப் பெட்டி. அதைக் கழற்றிய உடனே திறக்கக்கூடாது. உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கும்வரை தனியாக ஒரு பலகையில் வைத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தவன் ஒருவன் கையை உதறிக்கொண்டு குதித்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பலகைகள், கம்பிகள், மின்விசிறிகள் எல்லாம் தனித்தனித் தொட்டிகளுக்குப் போகும். எஞ்சுவது வெறும் இரும்புக் கூடு. அது நேராக நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும்.

அந்தக் கூட்டை நொறுக்க மனமில்லாமல் நின்றவர் எங்கள் மேனேஜர் மேடம் யாப். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர். மேடம் கடை மேசைக்குப் பின்னால் நின்று தமிழ் கற்றவர். அதனால் அவருக்குத் தமிழ் நன்றாக வரும், மரியாதைதான் வராது. எல்லாரும் அவருக்கு நீதான். கோயில் குருக்கள் ஒருவர் பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்க வந்தபோது "நீ போயி அங்க குந்து" என்று அன்பாகச் சொன்னார். குருக்களும் போய் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் படுக்க வைப்பார். அதைப் பார்த்ததும் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

தொழிற்சாலையின் ஒரு மூலையில் மேசை போட்டு, இந்தச் சாமான்களிலிருந்து வீட்டுக்கு உதவுகிற பொருள்கள் செய்து பாருங்கள் என்று மேடம் சொன்னார். டைரக்டருக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மூலைக்கு நானும் சரோஜாவும் போனோம். சரோஜா மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு முழங்காலில் இரும்பு வைத்தவர். பிரிக்கும் வரிசையில் எல்லாரும் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் நின்றாலே அவருக்குக் கால் வீங்கிவிடும். இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாகப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தொழிற்சாலை முழுவதிலும் உட்கார்ந்து செய்கிற வேலை எங்கள் மூலையில் மட்டும்தான் இருந்தது.

நாங்கள் செய்ததையெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். மின்சாரப் பெட்டியின் மின்விசிறியைக் கரி அடுப்புக்கு ஊத வைத்தோம். பிரிண்டருக்குள் இருக்கும் உருக்குக் கம்பி, துண்டு காயப்போடும் கொடியானது. கம்ப்யூட்டர் கூடு வாசலில் தபால் பெட்டியானது. சூட்டை இறக்குவதற்காக உள்ளே வைத்திருக்கும் அலுமினியக் கட்டியில் வரிசையாகத் தகடுகள் இருக்கும், அதைச் சோப்புத் தட்டாக்கினோம். தண்ணீர் அழகாக வடிந்துவிடும்.

இவை நல்ல பொருள்களா இல்லையா என்று கண்டுபிடிக்க மேடம் ஒரு முறை வைத்திருந்தார். பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் எதுவும் சொல்லாமல் அதற்குரிய இடத்தில் வைத்துவிடுவார். அவருடைய மாமியார் அதைப் பேசாமல் எடுத்துப் புழங்கினால் தேர்ச்சி. இது என்ன சாமான் என்று கேட்டுவிட்டால் தோல்வி. கேட்கும்படி இருக்கிற பொருள் இன்னும் வீட்டுச் சாமானாக மாறவில்லை, அது கம்ப்யூட்டராகவேதான் இருக்கிறது என்பது மேடத்தின் கணக்கு.

அந்த மாமியாருக்குக் காது மந்தம், கண் கூர்மை. சோப்புத் தட்டு தோற்றது. தகடுகளுக்கு நடுவில் சோப்பு சிக்கிக்கொண்டு, கிழவி அதைக் கரண்டியால் நோண்டியபடியே இது என்ன சனியன் என்று கேட்டாராம். கத்தி ஒட்டி வைக்கும் காந்தப் பலகையும் முதலில் தோற்றது. காந்தம் கத்தியை விட மறுத்தது. அதன்மேல் மெல்லிய பலகை ஒன்றை ஒட்டிக் கொடுத்தோம், மறுமுறை தேறியது. அடுப்பு ஊதி முதல் நாளே தேறியது. சரோஜாவும் நானும் அன்று பள்ளிப் பிள்ளைகளைப்போல் சந்தோஷப்பட்டோம். முகம் தெரியாத ஒரு சீனக் கிழவி கேள்வி கேட்காமல் இருந்ததற்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இனி முனியாண்டி கோயிலுக்கு வருகிறேன். தஞ்சோங் காராங் போகிற வழியில், ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் மறு பக்கம் நெல் வயலுமாக இருக்கிற இடத்தில், வாய்க்கால் ஓரத்தில் அந்தக் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு மரம், ஒரு சூலம், தகரக் கூரை, அவ்வளவுதான். என் மனைவியின் அண்ணன் கோவிந்தன் அங்கே பூசாரி. பிழைப்புக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வயல் பக்கமிருந்து தடையில்லாமல் காற்று வரும். விளக்கு நிற்காது. மச்சான் கண்ணாடிக் கூண்டு வைத்துப் பார்த்தார், விழுந்து உடைந்தது. தகரத்தை வளைத்து வைத்துப் பார்த்தார், புகை உள்ளேயே சுற்றி விளக்கை அணைத்தது.

ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைச் சொல்லிக் குறைபட்டார். எனக்கு உடனே கம்ப்யூட்டர் கூடு நினைவுக்கு வந்தது. காற்று உள்ளே போய் வெளியே வருவதற்கென்றே செய்த பெட்டி அது. மேடத்திடம் கேட்டேன். சாமிக்கா என்றார். ஆமாம் என்றேன். நல்ல கூடாகக் கொடு என்று சொல்லி அவரே அடுக்கிலிருந்து ஒன்றைத் தேர்ந்து கொடுத்து, அதை வெளியே கொண்டுபோகக் கையெழுத்தும் போட்டார்.

அதுபோல் நான் கவனமாகச் செய்த பொருள் வேறு இல்லை. பக்கத் தகட்டை வெட்டி, பழைய ஸ்கேனரின் கண்ணாடியைப் பதித்தேன். பின்புறம் மின்விசிறி இருந்த வட்டத் துளைக்குச் சல்லடைக் கம்பி வைத்தேன், புகை அதன் வழியாகப் போகும். கீழே காற்று வரும் துளைகளுக்கு முன்னால் ஒரு மறைப்புத் தகடு வைத்தேன். காற்று நேராகப் பாயாமல் சுற்றிக்கொண்டு வரும், சுடர் ஆடாது. சரோஜா ஒரு வேலை செய்தார். சி.டி. போடும் தட்டை அப்படியே விட்டு, கையால் இழுத்தால் வரும்படி மாற்றினார். அதில் தீப்பெட்டியும் திரியும் வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் கம்ப்யூட்டரை இயக்குவதற்கு இருந்த பொத்தானைக் கழற்ற மறந்துவிட்டோம்.

விளக்கு நின்றது. காலையில் மச்சான் எண்ணெய் ஊற்றி ஏற்றினால் மாலைவரை எரிந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் விநோதம். சாமியிடம் லாட்டரி நம்பர் கேட்டு வருகிற டுரியான் பழ வியாபாரி ஒருவர் கும்பிட்டுவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவருக்கு என்ன விழுந்ததோ தெரியாது, அடுத்த வாரம் ஒரு சேவலோடு வந்தார். பிறகு வருகிறவர்கள் எல்லாரும் கும்பிட்டு முடித்துப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார்கள். பொத்தானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நான் ஒருமுறை போனபோது ஓர் அம்மா தன் கைக்குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்த வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. அதற்குக் கம்பி இணைப்பே கிடையாது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு நானும் கும்பிட்டேன். போகும்போது பொத்தானையும் அழுத்திவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

பிரச்சினை வங்கியிலிருந்து வந்தது. எங்களுக்குப் பெரிய அளவில் கம்ப்யூட்டர் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு வங்கி திடீரென்று விதியை மாற்றியது. தங்கள் எண் பொறித்த கூடு ஒன்றுகூட வெளியே இருக்கக்கூடாது, ஏற்கனவே வேறு பொருளாக மாற்றியிருந்தாலும் திரும்ப வாங்கி நொறுக்க வேண்டும், நொறுக்குவதைத் தங்கள் ஆள் வந்து படம் எடுப்பார் என்றார்கள். டைரக்டர் எங்கள் மூலைக்கு வந்து நின்றார். வெளியே போன கூடு எல்லாம் வந்து சேர்ந்தால் சரி, ஒன்று குறைந்தாலும் மூலையை மூடிவிட்டு இரண்டு பேரும் வரிசைக்குப் போங்கள் என்றார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. சரோஜா தன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் மேடமும் தபால் பெட்டிகளைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. நல்ல வேளை, குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. எல்லாம் வந்து சேர்ந்தன. எஞ்சியது முனியாண்டியின் பெட்டி. அதன் பின்பக்கத்தில் வங்கியின் எண் பொறித்திருந்தது. எண் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதாதா என்று மேடத்திடம் கேட்டேன். முழுக் கூடாகப் படத்தில் விழ வேண்டும் என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் படுக்க வைத்தார். அது என்மேல் இருந்த கோபம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

மச்சானிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். சரோஜாவின் கால், அவருடைய பிள்ளைகள், டைரக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். லோரிச் சக்கரத்தில் சிக்கிய கல்லை எடுத்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சாமிக்குக் குடுத்தத நா எப்படி மாப்ள எடுத்துக் குடுக்கிறது? எங்கிட்ட கேக்காத. அவருகிட்ட கேளு" என்றார்.

அவரிடம் கேட்பது என்றால் பூக்கேட்பது. சனிக்கிழமை காலை வரச் சொன்னார். நான் சரோஜாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் யாப் தன் காரில் வந்தார். சனிக்கிழமைகளில் மாமியாரைத் தஞ்சோங் காராங்கிற்கு மீன் வாங்கக் கூட்டிப்போவது வழக்கம், அதனால் அந்தக் கிழவியும் பின்சீட்டில் இருந்தார். இத்தனை காலம் எங்களுக்கு மதிப்பெண் போட்டவரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். மிகச் சிறிய உருவம். மடியில் மீன் வாங்கப் பிளாஸ்டிக் கூடை.

மச்சான் குளித்து வேட்டி கட்டியிருந்தார். வாழையிலையை ஒரே அளவாக இரண்டு துண்டு கிழித்தார். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டார். முடிச்சின் வால்கூட நீளம் குறையாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார். தட்டில் வைத்துக் குலுக்கி, விளக்குப் பெட்டிக்கு முன்னால் வைத்தார். வெள்ளை வந்தால் பெட்டியைக் கொடுக்க உத்தரவு. சிவப்பு வந்தால் பெட்டி அங்கேயே இருக்கும்.

பிறகு எடுப்பது யார் என்ற கேள்வி வந்தது. இந்த விஷயத்தில் ஒட்டுறவே இல்லாத ஆள்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் கூடாது, சரோஜா கூடாது, மேடமும் கூடாது. பூசாரி எடுக்கவே கூடாது. கடைசியில் எல்லார் பார்வையும் காரின் பின்சீட்டுக்குப் போனது. மேடம் போய் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ உரக்கச் சொல்லி மாமியாரை இறக்கிக் கொண்டுவந்தார். என்ன கேட்கிறோம் என்று அவருக்குச் சொல்லக்கூடாது என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கற்பூரம் ஏற்றியதும் கண்ணை மூடினேன். முதலில் சிவப்பு வர வேண்டும் என்று வேண்டினேன். என் கையால் செய்த பொருள், அது அங்கேதான் இருக்க வேண்டும். உடனே சரோஜா நினைவுக்கு வந்தார். என் காருக்கு வெளியே ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெள்ளை வரட்டும் என்று மாற்றினேன். அப்படியானால் சாமியிடம் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லிச் சாமியிடமே வேண்டுகிறோமே என்று தோன்றியது. கடைசியில் எதையும் வேண்டாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது கிழவி விளக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் கையில் கொடுத்திருந்த ஊதுவத்திகளை அதன் முன்பக்கத் துளைகளில் செருகினார். பொத்தானை அழுத்தவில்லை. இது என்ன என்று யாரையும் கேட்கவுமில்லை. பிறகு கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்து மச்சானிடம் கொடுத்துவிட்டு, கொசு கடிக்கிறது என்று மருமகளிடம் குறை சொல்லிக்கொண்டே காருக்குத் திரும்பினார். மச்சான் முடிச்சை அவிழ்த்தார். வெள்ளை.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், வருத்தப்படுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வெற்றிலை போட்டு, அதைப் பெட்டியின்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அந்தத் தண்ணீரைச் சூலத்தடியில் ஊற்றினார். பெட்டியில் இருந்தது இப்போது இங்கே வந்துவிட்டது என்றார். சி.டி. தட்டை இழுத்துத் தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பொத்தானில் அப்பியிருந்த குங்குமத்தைத் தன் துண்டால் துடைத்தார். இரண்டு கையாலும் பெட்டியை என்னிடம் நீட்டினார். வெளியே எடுத்து வைத்திருந்த விளக்கு அதற்குள் அணைந்துவிட்டிருந்தது.

வங்கி ஆள் திங்கட்கிழமை கேமராவோடு வந்தார். மற்றக் கூடுகள் எல்லாம் இயந்திரத்துக்குள் போயின. இயந்திரம் ஓட்டும் நேப்பாளத்துத் தொழிலாளர் இந்தப் பெட்டியை எடுத்தவர், இடுக்கில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதை உள்ளே வைத்தார், தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார், ஆனால் இயந்திரத்தை ஓட்டப் பச்சைப் பொத்தானை அழுத்த மாட்டேன் என்று தலையசைத்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். வங்கி ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, கேமராவை ஏந்தியபடியே காத்திருந்தார்.

மூலையிலிருந்து சரோஜா மேசை மேசையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரையும் கேட்காமல் பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஸ்கேனர் கண்ணாடி உடைகிற சத்தம் முதலில் கேட்டது, பிறகு தகடு மடங்குகிற சத்தம். அது முடியும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நீ ஏன் அழுத்தினாய் என்று கேட்டேன்.

"எனக்காகத்தானண்ணே அவருகிட்ட கேட்டு வாங்குனீங்க. அப்ப நாந்தான அழுத்தணும்" என்றார்.

மூலை மூடப்படவில்லை. டைரக்டர் மறுபடி அந்தப் பக்கம் வரவுமில்லை. ஆனால் எனக்கு வேலை ஓடவில்லை. எதைத் தொட்டாலும் அந்தக் கண்ணாடி உடைந்த சத்தம் நினைவுக்கு வந்தது. இன்னொரு பெட்டி செய்து கொடுத்துவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு கூட்டை எடுத்தேன். அதில் எந்த எண்ணும் கிடையாது, யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். முதல் பெட்டியில் செய்ததையெல்லாம் இதிலும் செய்தேன், இன்னும் சுத்தமாகவே செய்தேன். பொத்தானைக் கழற்றுவதா வைப்பதா என்று மட்டும் நெடுநேரம் யோசித்தேன். வைத்துவிட்டேன். மேடம் உடனே கையெழுத்துப் போட்டார். சரோஜா தானும் வருகிறேன் என்றார்.

நாங்கள் போனது ஒரு சாயங்காலம். மச்சான் லோரியை ஓரங்கட்டிவிட்டு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வயல் பக்கமிருந்து நல்ல காற்று. நான் பெட்டியைக் காரிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார், சி.டி. தட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து நல்லா இருக்கு என்றார். பிறகு வேண்டாம் என்றார்.

கோபமா மச்சான் என்று கேட்டேன். கோபம் எதற்கு என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"பெட்டி இருந்தப்ப காலைல ஒரு வாட்டி ஏத்துனா போதும் மாப்ள. அப்புறம் லோரிய நிப்பாட்டவே மாட்டேன். ஆரன் அடிச்சிட்டுப் போயிடுவேன். இப்ப சும்மா சும்மா அணையுதுலா. போறப்ப வர்றப்ப எல்லாம் எறங்கி ஏத்துறேன். ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன். இப்பிடியே இருக்கட்டும்."

அப்படியானால் நான் முதலில் செய்து கொடுத்த பெட்டி நல்லதில்லையா என்று கேட்டேன். நல்ல பெட்டிதான் என்றார். அப்படியானால் இதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்றேன். இதுவும் நல்ல பெட்டிதான் என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு மனிதனின் வேலையைக் குறைப்பதுதான் நல்ல பொருள் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். வேலை குறைந்தவர் அது வேண்டாம் என்கிறார். அவர் நொந்து சொல்கிறாரா, சந்தோஷமாகச் சொல்கிறாரா என்றுகூட அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அழுகை வந்தது.

அப்போது காற்று ஒன்று வந்தது. சுடர் படுத்தது. மச்சான் தீப்பெட்டிக்குச் சட்டைப்பையில் கைவிட்டார். அதற்குள் சரோஜா இரண்டு எட்டு முன்னால் வந்து, குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து விளக்கைச் சுற்றி வைத்தார். சுடர் எழுந்தது. கைகளை எடுத்தால் அணைந்துவிடும் என்று தெரிந்ததால் எடுக்காமல் அப்படியே நின்றார். கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. மச்சானுக்கும் தெரிந்திருக்க வேண்டும். லோரியிலிருந்து ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் பின்னால் போட்டு, உட்காரும்மா என்றார்.

"இருக்கட்டும்ணே. காத்து நிக்கிற வரைக்கும் நின்னுக்கிறேன்" என்றார் சரோஜா.

மச்சான் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். காற்று நிற்கவில்லை. நான் என் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.